முப்பத்தேழு புள்ளி எட்டு

ஹீயுமா தீவிலிருந்து கடைசிப் படகு
ஒன்பதரைக்கு.
இப்போது மணி ஏழு நாற்பது.
வெப்பமானியில் முப்பத்தேழு புள்ளி எட்டு.

முப்பத்தெட்டு வந்தால் கூப்பிடச் சொன்னார்கள்.
வரவில்லையே.
இரண்டே இரண்டு புள்ளி,
கம்பளிச் சட்டையைக் கழற்றினால் இறங்கிவிடும்.
கழற்றுகிறேன்.
பல் கிட்டுகிறது.
மறுபடி மாட்டுகிறேன்.

இன்று நூற்றுப் பன்னிரண்டாம் நாள்.
நூறு நாள் தார்த்து நகரில் இருந்துவிட்டு
வீடு திரும்பிய அன்று
குளிர்பதனப் பெட்டியின் கதவில் தோனிஸ் ஒட்டிய தாள்
அப்படியே இருக்கிறது.
மூச்சு வாங்கினால், உள்ளங்கை சிவந்து அரித்தால்,
வயிறு நிற்காமல் போனால்,
ஈறில் ரத்தம், கண்ணில் மஞ்சள்,
அதற்கும் கீழே ஒரு சொல்.
அதன் மேல்தான் காந்தத்தை வைத்திருக்கிறான்,
நீலநிற மீன் காந்தம்.
வாலைத் தூக்கிப் பார்க்க வேண்டியதில்லை.
நடுக்கம் என்று இருக்கும்.

என் ரத்தம் முன்பு ஓ வகை.
இப்போது ஏ.
முப்பது வயதுக்குள் ஓர் ஆண், ஜெர்மனி:
அவ்வளவுதான் சொன்னார்கள்.
முகம் தெரியாத அந்தப் பையன்
என் எலும்புகளுக்குள் குடிவந்து
பாதி மூட்டையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.
கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.
யாரும் நுழையலாம்.

பத்தொன்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினேன்.
இஞ்சின் சூட்டுமுள் சிவப்பைத் தொடக்கூட வேண்டாம்,
அந்தப் பக்கம் சாய்ந்தாலே ஓரங்கட்டிவிடுவேன்.
முப்பத்தொரு பிள்ளைகள்
பனியில் இறங்கி நின்று என்னை வைவார்கள்.
வையட்டும் என்று இருந்தவள்தான்.

இன்று படகுக் கணக்குப் போடுகிறேன்.
துறைமுகத்துக்கு அரைமணி,
கடலில் ஒன்றேகால்,
அப்புறம் இருட்டில் நாலு மணி நேரச் சாலை.
தோனிஸுக்குக் காலையில் மர ஆலையில் வேலை.
ஞாயிற்றுக்கிழமை ராத்திரியில்
ஒருத்தரைத் தொந்தரவு செய்வதா.
இழுப்பறையில் பாரசிட்டமால் இருக்கிறது.
ஒன்று போட்டால் முள் இறங்கும்.
முள் மட்டும்தான் இறங்கும்.

எட்டு மணி. ஏழு புள்ளி ஒன்பது.
தேநீர்க் கோப்பை சாசரில் தானாகக் கிடுகிடுக்கிறது.
பக்கத்து அறையில்
தோனிஸ் வானொலியின் சத்தத்தைக் குறைக்கிறான்.
கோப்பையைக் கையால் அமுக்குகிறேன்.
கையும் சேர்ந்து கிடுகிடுக்கிறது.

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள் செவிலி விர்வே.
இன்னும் முப்பத்தெட்டு ஆகவில்லை,
மன்னிக்கணும், என்று தொடங்கினேன்.
"நடுங்குகிறாயா?"
கொஞ்சம்.
"கோப்பையைப் பிடித்துக் குடிக்க முடிகிறதா?"
நான் பேசவில்லை.
"மாத்திரை ஏதாவது போட்டாயா?"
இல்லை.
"நல்லது."
கடைசிப் படகு ஒன்பதரைக்கு, என்றேன்.
"படகு என் கவலை, மாரிக்கா.
கார்த்லா ஆஸ்பத்திரிக்கு இப்பவே கிளம்பு.
ரத்தம் எடுத்துவிட்டு முதல் மருந்தை அங்கேயே ஏற்றுவார்கள்.
நீ காரில் ஏறுவதற்குள் நான் அவர்களிடம் பேசிவிடுவேன்.
இங்கே கொண்டுவர வேண்டுமென்றால்
ஹெலிகாப்டர் வரும்."
கொஞ்சம் நிறுத்தி,
"முப்பத்தெட்டு என்று சொன்னது
அதுவரை காத்திரு என்பதற்காக இல்லை" என்றாள்.

தோனிஸ் அதற்குள்
வண்டியின் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்,
காலில் வீட்டுச் செருப்போடு.

கார்த்லாவில் ஒரு சின்ன வயது டாக்டர்.
மார்பில் பதித்திருந்த குழாயில் மருந்து இறங்கத் தொடங்கியதும்
எழுதுகோலை எடுத்தார்.
"முதலில் எப்போது குளிர்ந்தது?"
ஏழு நாற்பது என்று
நாக்கு நுனிவரை வந்தது.
தோனிஸ் என் முகத்தையே பார்த்தபடி நின்றான்.
நடுவே நீலக் காந்தம் நீந்திப் போயிற்று.

ஐந்து மணி, என்றேன்.
ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால்.
துணி மடித்துக்கொண்டிருந்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

அவர் தலை தூக்காமல் அதை எழுதிக்கொண்டார்.