பனி இல்லாத ஊரின் பனிவிளக்கு

திருநவேலில எதுக்குவே பனிவிளக்கு
என்று கேட்டான் காஜா மைதீன்,
பம்பருக்குக் கீழே படுத்திருந்தபடியே.
என்னிடம் பதில் இல்லை.
இந்த இரண்டு கதவுச் சிவப்புக் காரை
எங்கோ பனி இறங்கும் ஊருக்காக வரைந்திருக்கிறார்கள்.
இங்கே சித்திரையில் தார் இளகி
டயரோடு வீட்டுக்கு வரும்.

நாங்குநேரி தாண்டி நான்குவழிச் சாலையில்
கால் கொஞ்சம் அழுந்தினால் போதும்,
ஆயில் முள் நூற்றுமுப்பதைத் தொடும்.
இடது மூலையில், விளக்கின் முதுகுக்குப் பின்னால்
மூச்சுமுட்டிக் கிடக்கிறது ஆயில் கூலர்.
விளக்கைச் சுற்றிய கறுப்புப் பிளாஸ்டிக் சட்டத்தில்
தேன்கூடு மாதிரி நூறு அறைகள்.
விரலை வைத்துப் பார்த்தேன்.
ஓர் அறையிலும் ஓட்டை இல்லை.
காற்று வருவதுபோல் வரைந்துவைத்த ஜன்னல்!

எனக்கு வந்த கோபம் கொஞ்சம் தொழில்கோபம்.
பகலெல்லாம் பணகுடியில்
காற்றாலை இறக்கையோரம் கயிற்றில் தொங்கி
மணல் அரித்த விளிம்புக்கு
ரெசின் பூசி இழைக்கிறவன் நான்.
நகக்கண் அளவு மேடு நின்றாலும்
அடுத்த மாதம் மீட்டரில் தெரிந்துவிடும்.

விளக்கைக் கழற்றிப் பழைய துணியில் சுற்றி
டிக்கியில் போட்டோம்.
சூடான பிளேடால் அறை அறையாக அறுத்தான் காஜா.
மேலப்பாளையத்துத் தெருவில்
பிளாஸ்டிக் தீய்ந்த வாடை.
என்னத்தவே கருக்குதிய ராத்திரியில,
மாடியிலிருந்து செய்யதம்மாள் குரல்.
டவுன் ரதவீதியில் வாங்கிய மாவுச் சல்லடையை
வட்டம் பிரித்து வலையாக்கினோம்,
கல் தெறித்துக் கூலர் கிழியாதிருக்க.
வேலையில் மிஞ்சிய கண்ணாடி நாரில்
பின்பக்கத்துக் குழாயை நான் வார்த்தேன்.
இரண்டு நாள் முழங்கை அரித்தது.

காவல்கிணறு போகும் வழியில் சோதனை.
சட்டத்தைச் சுற்றி ஒட்டிய உல்லன் நூல்களை
மச்சான் வண்டியிலிருந்து படம்பிடித்தபடி வந்தான் காஜா.
நூல்கள் உள்ளே இழுபட்டிருக்க வேண்டும்.
வாசலிலேயே நின்று ஆடின,
கூட்டத்தில் படியில் தொங்குகிறவர்களைப் போல.
முள் அசையவே இல்லை.

வள்ளியூரில் சர்பத் கடை.
நான் பேசாமல் குடித்தேன்.
காஜா தன் ஸ்ட்ராவை வெளியே எடுத்து
அடியை விரலால் அடைத்துக்கொண்டு
கன்னம் உப்ப ஊதினான்.
அப்படியே என்னைப் பார்த்தான்.
பிறகு விரலை எடுத்தான்.
நன்னாரி என் சட்டையில் தெறித்தது.

உள்ளே போகிற காற்று வெளியே எப்படிப் போகும்?
இருவருமே யோசித்திருக்கவில்லை.

மறுநாள் சக்கர வளைவின் மறைப்பில்
பின்பக்கம் பார்த்து மூன்று வாய் அறுத்தோம்.
நூல்கள் ஒரே தாவலில் உள்ளே போயின.
முள் எட்டு டிகிரி இறங்கியது.
எட்டுதான்.
பாதி மாதச் சம்பளம், ஒரு சல்லடை, எட்டு டிகிரி.
ரோட்டோரம் நின்று சிரித்தோம்.
ஆடிக்காற்று வாயை மூடவிடவில்லை.

மார்கழியில் ஒருநாள் விடியுமுன்னே
களக்காட்டு ரோட்டில் வந்துகொண்டிருந்தேன்.
குளத்தங்கரையில் வெள்ளையாய் ஏதோ
சாலைமேல் உட்கார்ந்திருந்தது.
யாரோ சருகு எரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.
பனி.
என்னிடம் எரிந்தது வலது பக்கம் மட்டும்.
எதிரில் வாழைத்தார் ஏற்றிய மினிலாரி
நேராக வந்து, கடைசி நொடியில் ஒடித்து நின்றது.
டிரைவர் தலையை நீட்டினார்:
ஏலே ஒத்தக்கண்ணா, பைக்குன்னுல்லா நெனச்சேன்!

மன்னிக்கச் சொன்னேன்.
அவர் திட்டியபடியே போனார்.
ஆயில் முள் அறுபதையே தாண்டவில்லை,
குளிர்ந்துகொண்டே இருந்தது என் வெற்றி.
சீட்டில் கிடந்த நேற்றைய பேப்பரை மடித்துச்
சல்லடையின் முன்னால் செருகினேன்.
டிக்கியைத் திறந்து, துணியை விலக்கி,
விளக்கை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தேன்.
மாட்டுவதற்கு வயர் இல்லை.
கூலருக்கு இடைஞ்சல் என்று
அதை நான்தான் அறுத்திருந்தேன்.