காந்தம் சொன்னது

ஊற்றுகிற துளையின் அடைப்பை முதலில் கழற்று.
அது அசையாவிட்டால் வேறெதிலும் கை வைக்காதே.
பழையதை வடித்துவிட்டு, புதியதற்கு வாயில்லாமல்
போன ஜனவரி, மொன்டானா குளிரில், விழித்தவள் நான்.

இன்று அசைந்தது.
நாலு தட்டு, ஒரு கெட்ட வார்த்தை.

அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து
பிக்கப்பின் பின்னச்சுக்கடியில் மல்லாந்தேன்.
மேல் போல்ட்டை மட்டும் விட்டுவைத்து மூடியை நெம்ப,
கறுத்த எண்ணெய் சட்டிக்குப் பாதி,
என் சட்டைக்கைக்குள் பாதி.
கந்தக நாற்றம். மூன்று நாளைக்கு நாய்கூட அண்டாது.

"சர்ச்சுக்கும் கடைக்கும்தான் ஓட்டினேன்,
எதையும் இழுத்ததில்லை"
என்று விற்றார் ஆர்லன் டோவ்சன்.

காந்தத்தில் சாம்பல்நிறக் குழைவு. அது வழக்கம்தான்.
துடைத்த துணியில் ஏதோ நெருடியது:
பற்சக்கரத்தின் பல்முனை, அரிசியளவு.

எத்தனை குதிரைகளை இழுத்தீர், ஆர்லன்,
எந்த மேட்டில்?

கேட்டே விடுவதென்று போனைத் தேடினேன்.
அப்புறம் நினைவு வந்தது:
வண்டியை எடுக்கப் போன அன்று
அவர் லாயத்தில் எல்லாக் கதவும் திறந்து கிடந்தன.
வைக்கோல்கூட இல்லை.

துளையின் விளிம்பில் வழிகிறவரை ஊற்றினேன்.
பல்லை வண்டியின் சாம்பல் கிண்ணத்தில் போட்டேன்.
வளைவுகளில் அது கிலுங்குகிறது.