பழகின வாய்

மேலப்பாளையத்தில் கல்யாண ஊர்வலங்களுக்கு
வாடகைக்குப் போகும் குதிரை.
பேர் பன்னீர். சாம்பல் வெள்ளை.
மாப்பிள்ளை ஏறினால் நெற்றியில் ஜரிகை,
இறங்கினால் எட்டுக்கு எட்டு தகரக் கொட்டகை.

என் இத்தா அறையின் சன்னல்
அந்தக் கொட்டகையைப் பார்த்துத் திறந்தது.
நாலு மாதம் பத்து நாள்
எனக்கும் அதற்கும் நடுவே
ஒரு சாக்கடை, ஒரு முருங்கை.

முதல் ராத்திரி ஏப்பம் என்றுதான் நினைத்தேன்.
யாரோ ஆம்பளை, தின்றது செரிக்காமல்.
பிறகு விடியலில் பார்த்தேன்:
கதவின் மேல்கட்டையில் முன்பல்லைப் பதித்து,
கழுத்தை வில்லாய் வளைத்து,
க்ஹக் என்று ஒரு மிடறு.
விடும். மரத்தை நக்கும். மறுபடி பதிக்கும்.
பிறை பிறையாய்த் தேய்ந்திருந்தது கட்டை.
பீடி சுற்றியபடி எண்ணினேன்
(கம்பெனி பாஸ்புக்குக்கு இத்தா கிடையாது)
ஒரு கட்டு முடிவதற்குள் முப்பத்தொன்று.

கொழுந்தன் செய்யது மசூது
கட்டையில் வேப்பெண்ணெய் தடவினார்.
அப்புறம் மிளகாய்த்தூள்.
அப்புறம் தகரம் அடித்தார்;
அதில் பல் உரசிய சத்தத்தில்
தெருவுக்கே பல் கூசியது.
கடைசியில் கழுத்தில் தோல்வார் இறுக்கினார்.
வார் இருந்தால் வளையாது,
வளையாவிட்டால் மிடறு இல்லை.
சத்தம் நின்றது.
பன்னீரும் நின்றது, உதட்டால் மரத்தைத் தொட்டபடி,
சொல்ல வந்ததை மறந்துபோன ஆள் மாதிரி.

தரகர் வந்து பார்த்துவிட்டு,
'காத்து குடிக்கிற குதிரை, கெட்ட சுழி,
அடுத்ததுக்கும் ஒட்டிக்கும், வித்துருங்க' என்றார்.

ராமையன்பட்டியிலிருந்து டாக்டர் பியூலா வந்தது
எழுபதாம் நாளோ எழுபத்தோராம் நாளோ.
எனக்குக் குரல் மட்டும்தான்.

'காத்தைக் குடிக்கலை.
தொண்டை வரைக்கும் போயிட்டுத் திரும்புது, அவ்வளவுதான்.
சுழியுமில்லை கிழியுமில்லை.
அவுத்து விட்டா எவ்வளவு நேரம் மேயும் தெரியுமா?
பதினாறு மணி நேரம்.
நீங்க ரெண்டு வேளை கொள்ளு வைக்கிறீங்க,
அரை மணியில முடிஞ்சுருது.
வயித்துல அமிலம் ஊறிக்கிட்டே இருக்கும்.
மென்னாத்தான் எச்சில், எச்சில் இருந்தாத்தான் அது அடங்கும்.
மிச்ச நேரத்துக்கு
வாய் என்னதான் செய்யும், சொல்லுங்க?'

கொழுந்தன் ஒன்றும் சொல்லவில்லை.
நான் சொல்ல முடியாத இடத்தில் இருந்தேன்.
கன்னத்தின் உள்சதை
கடைவாய்ப் பற்களுக்கு நடுவே இருந்தது.
இடப்பக்கம். உப்புக் கரித்தது.

எப்போது தொடங்கியது என்று தெரியாது.
அவரைத் தூக்கிக்கொண்டு போன அன்றா,
பாவம் சின்ன வயசு என்று
வந்தவர்கள் எல்லாரும் சொல்லி முடித்த பிறகா.
குழம்பில் காரம் பட்டால் எனக்குத் தெரியும்.
மற்றபடி வெளியே தெரியாது.
அதனால்
எனக்கு வார் தேவைப்படவில்லை.

வைக்கோல் வண்டி வந்தது. வாரை அவிழ்த்தார்கள்.
கொள்ளு பாதியானது.
பகலெல்லாம் பாளையங்கால்வாய்க் கரையில்
நீளக் கயிற்றில் விட்டார்கள் என்று
மதினி வந்து சொன்னாள்.
சன்னலுக்கு வெளியே
காலிக் கொட்டகை. முருங்கை பூத்திருந்தது.

இத்தா முடிந்து மூன்றாம் நாள்
வாரிசுச் சான்றிதழுக்கு மனு எழுதிக்கொண்டு கிளம்பினேன்.
கால்வாய்ப் பாலத்தடியில் பன்னீர்,
முட்டுவரை புல், கடைவாயில் பச்சை நுரை.
மென்றுகொண்டே இருந்தது.
எனக்கு யாரோ பரிமாறிய மாதிரி இருந்தது.
பிறகு தலையை நிமிர்த்தி,
பாலத்துச் சுவரின் விளிம்பைத் தேடிப் போய்,
பல்லைப் பதித்து,
க்ஹக்.

இவ்வளவு புல் இருக்க.

பஸ் வருவதற்குள் நாலு.
டாக்டர் இதையும் சொல்லித்தான் போயிருந்தார்,
வாளித் தண்ணீரில் கை கழுவியபடி:
'குறையும்.
நின்னுரும்னு சொல்ல மாட்டேன்.
பழகின வாய்.'

கண்டக்டர் வந்து நின்றார்.
தாலுகா ஆபீஸ் ஒண்ணு என்று சொல்ல
வாயைத் திறந்தேன்.
கன்னம் பல்லிலிருந்து விடுபட
ஒரு நொடி ஆனது.