வேறு நிலையம் உண்டா

ஞாயிறு இரவு ஒன்பது மணி.
புளியரை எடைமேடைக் கூண்டுக்குள்
ஒரு கொசுவர்த்திச் சுருளும் நானும்.
கேரளாவுக்குப் போகிற வைக்கோல் லாரியை
கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு
மைக்கை எடுக்கிறேன்.

செங்கோட்டை, பண்பொழி, ஆரியங்காவு, தென்மலை,
மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
கேட்டுக்கொண்டிருக்கும் நிலையங்களுக்கு
வணக்கம். நமஸ்காரம்.
இது வாராந்திர அழைப்பு.
பெயர் கொடுக்கலாம். ஓவர்.

மலைமேல் ரிப்பீட்டர்
ஒரு வினாடி இரைந்து அறுகிறது.
அது மட்டும் தவறாமல் பதில் சொல்லும்.

ஏட்டில் இருபத்தேழு பேர்.
மின்வாரியம் முப்புடாதி சார்.
மிக்சி ரிப்பேர் செய்யது மசூது.
தென்மலையில் ரப்பர்ப்பால் எடுக்கும் ஜோமோன்.
லைசென்ஸ் வந்த அன்று
டீக்கடை மேசையில் மோர்ஸ் சங்கேதமாய்
தன் பெயரையே தட்டிக்கொண்டிருந்த கோமதிநாயகம்
இப்போது எங்கே தட்டுகிறாரோ.

வேறு நிலையம் உண்டா என்று கேட்பது முறை.
முதல் நிலையமே இல்லாதபோதும்
அப்படித்தான் கேட்கிறேன்.

ஆண்டுக் கூட்டத்துக்கு எல்லாரும் வந்தார்கள்.
பார்டர் கடைப் பரோட்டா, நாட்டுக்கோழி.
சங்கம் செழிக்க வேண்டுமென்று
சால்னாக் கையோடே தீர்மானம் போட்டார்கள்.
மறுவாரம் பேட்டரி சுமக்க ஆள் கேட்டேன்.
ஒருவருக்கு மூட்டுவலி.
ஒருவர் மகளுக்கு நீட்.
ஒருவர் உள்ளதைச் சொன்னார்,
"போன் இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி."
நியாயம்தான். என்னிடமும் போன் இருக்கிறது.

கடைசியில் வந்தது ஜோமோனின் தங்கை லிசம்மா,
லைசென்ஸ் இல்லாதவள்.
முப்பது கிலோவை
ஈட்டி மரம்வரை நான், அதற்குமேல் அவள்.
இறங்கும்போது அட்டைப்பூச்சிகளை எண்ணினோம்.
எனக்கு ஏழு, அவளுக்கு நாலு.
அன்றைக்கு எங்களைத் தேடி வந்தவை
அவ்வளவுதான்.

ஐப்பசியில் ஓர் இடி.
ரிப்பீட்டர் செத்தது.

அந்த ஞாயிறு ஒன்பதேகாலுக்குள்
போனில் பத்தொன்பது அழைப்பு.
"என்ன அண்ணாச்சி, இன்னிக்கு நெட் இல்லியா?"
"எந்து பற்றி சேட்டா, ஒந்நும் கேக்குந்நில்லல்லோ."
முப்புடாதி சார் வீட்டம்மா பேசினார்கள்:
"ஒங்க சத்தம் கேட்டாத்தான்
தட்டை வைன்னு சொல்லுவாக.
தோசை ஆறிக்கிட்டு இருக்கு."

ஆக, இருந்திருக்கிறார்கள்.
இரண்டு வருஷமும்.
நான் இருமியபோது,
தேதியைத் தப்பாய்ச் சொன்னபோது,
வெறுத்துப்போய் ஒரு ராத்திரி
வண்டி நம்பரும் எடையுமாய்
சீட்டுக்கட்டு முழுதையும் வாசித்தபோது.
காதெல்லாம் திறந்திருந்தன.
ஒரு கட்டைவிரலுக்குத்தான் எழ மனசில்லை.

சந்தோஷப்பட வேண்டியதுதானே என்றாள் லிசம்மா.
எனக்குக் கோபம்தான் வந்தது.
பதினொன்றாம் அழைப்புக்குமேல்
நானும் போனை எடுக்கவில்லை.

செலவுக்குக் கேட்டேன். நாலு பேர் தந்தார்கள்.
மீதியை எடைமேடை முதலாளியிடம்
முன்பணமாய் வாங்கிப் பழுது பார்த்தேன்.

இன்று ஒன்பது மணி.
மைக்கைத் தொடவில்லை.
ஒன்பது ஒன்று.
ஒன்பது மூன்று.
வெளியே டிரைவர் ஹாரன் அடிக்கிறான்.
இருபத்தேழு வீட்டிலும்
யாரோ எதையோ நிறுத்திவைத்துக் காத்திருப்பார்கள்.
காத்திருக்கட்டும்.

ஒன்பது ஏழு.
சட்டென்று ஓர் அலை எழுகிறது.
யாரோ பித்தானை அழுத்திவிட்டார்கள்.
பேச்சில்லை. மூச்சுப்போல் ஏதோ.
பின்னால் ஒரு குக்கர் விசில், பாதி.
விட்டுவிட்டார்கள்.

ரிப்பீட்டர் இரைந்து அறுகிறது.

ஏட்டை இழுத்து எழுதுகிறேன்.
நேரம் ஒன்பது ஏழு.
நிலையம், பெயர் தரவில்லை.
செய்தி, குக்கர்.
சிக்னல், மிகத் தெளிவு.