என் வேலையை ஒழிக்கும் மசோதாவுக்கு ஆதரவாக

மூன்று நிமிடம் என்றீர்கள், தலைவர் அவர்களே.
ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறேன்.
ஹோல்டன் தாண்டும்வரை இருட்டு.
சாலை நடுவே ஒரு மூஸ் மான் நின்று
என் விளக்குகளைப் பொறுமையாகப் படித்துவிட்டு
விலகிப் போனது.

பெயர் ஆர்லெட் தேஷேன்.
மெய்ன் மாநிலத்தின் வடக்கு நுனியில்
மருத்துவமனையில் வேலை.
ஊசி போடுபவள் இல்லை,
பில் போடுபவள்.
இருபத்திரண்டு வருடம்.

முறிந்த எலும்பை நான் பார்த்ததில்லை.
ஏழு எழுத்தில் அதை எப்படி எழுதுவது என்று தெரியும்.
ஏணியிலிருந்து விழுந்தால் ஒரு குறியீடு,
மரத்திலிருந்து விழுந்தால் வேறு.
வாத்து கடித்தால்கூட ஒன்று உண்டு.
சிரியுங்கள், நாங்களும் சிரித்தோம்.
பில்லுக்குப் பயந்து
வராமலே இருந்துவிட்டவருக்குத்தான்
இன்னும் குறியீடு இல்லை.

காத்திருக்கச் சொல்லிப் போனில் ஒரு மெட்டு போடுவார்கள்.
பாத்திரம் கழுவும்போது
அது என் வாயில் தானாக வருகிறது.
நாற்பது நிமிடம் கழித்து ஒரு பெண் குரல்:
முன் அனுமதி வாங்கவில்லையே.
அவளும் என்னைப் போலத்தான்,
ஏதோ ஓர் ஊரில்
மதியச் சாப்பாட்டை மேசைக்கடியில் வைத்திருப்பவள்.
இருவரும் சம்பளம் வாங்கிக்கொண்டு
ஒருவரின் சிறுநீரகக் கல்லுக்காகச் சண்டை போட்டோம்.
கல் உள்ளேயே இருந்தது.

நோயாளி பெயரைச் சொல்லக் கூடாது, சட்டம்.
அதனால் அவரே வந்திருக்கிறார்:
மூன்றாம் வரிசை, ஆரஞ்சுத் தொப்பி,
லெயோன்ஸ் கோர்மியே.
சொல்லு, ஆனால் என்னைப் பேச வைக்காதே என்றார்.
மனைவி இறந்து நான்கு வருடம்.
மாதம் இருபது டாலர்
இன்னும் அவள் பெயரில் கட்டுகிறார்.
கல்லறைக்கும் என் ஜன்னலுக்கும்
ஒரே நாளில் வந்துவிடுவார்,
பெட்ரோல் மிச்சம்.

எங்கள் ஆற்றுக்கு அக்கரை கனடா.
காகித ஆலைக்கு மரக்கூழ்
அங்கிருந்து குழாயில் வருகிறது.
சுங்கத்தில் அதை யாரும் இறக்கி நிறுத்துவதில்லை.
என் சித்தி மகள் அந்தப் பக்கம் வாக்கப்பட்டவள்.
மூட்டு அறுவைக்கு ஏழு மாதம் காத்திருந்தாள்.
வாரம் தவறாமல் திட்டினாள்,
பிரெஞ்சில் திட்டினால் நீளம் அதிகம்.
மறைக்கவில்லை, அது குறைதான்.
ஆனால் அந்த ஏழு மாதத்தில்
அவள் வீட்டில் எதுவும் விற்பனைக்குப் போகவில்லை.

வாஷிங்டன் செய்யட்டும் என்பீர்கள்.
அக்கரையிலும் ஒட்டாவா முதலில் செய்யவில்லை.
கோதுமை விளையும் ஒரு மாகாணம்,
நம்மைப்போல் குளிரும் கடனும் நிறைந்தது,
தனியாகத் தொடங்கியது.
டாக்டர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள்.
ஆனாலும் தொடங்கியது.

வரி கூடும். ஆமாம், கூடும்.
மாதாமாதம் என் சம்பளத்தில் பிடிப்பதற்குப்
பிரீமியம் என்று பெயர்.
அதற்கு மேல் நான்காயிரம் டாலர்
கைக்காசு போன பிறகுதான்
அந்தக் காப்பீடு கண் திறக்கும்.
பெயரில் என்ன, எனக்குக் கூட்டல் தெரியும்.

மஞ்சள் விளக்கு. பார்த்தேன்.

இந்த மசோதா நிறைவேறினால்
எங்கள் அறையில் ஒன்பது நாற்காலி காலி.
ஒன்று என்னுடையது.
நுனிக் கிளையில் உட்கார்ந்துகொண்டு
அடிக் கிளையை வெட்டுகிறாள் என்று
என் மேலாளர் சொல்கிறார்.
மரம் வெட்டும் ஊர்க்காரி நான்.
பட்டுப்போன கிளை எதுவென்று
தட்டிப் பார்த்தாலே தெரியும்.
எங்களுக்கு வேறு வேலை கற்றுக்கொடுக்க
பதினொன்றாம் பிரிவில் பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள்.
அதை மட்டும் பேரத்தில் விட்டுவிடாதீர்கள்.

சிவப்பு. முடித்துவிடுகிறேன்.

இன்று ஐந்தாம் தேதி,
லெயோன்ஸ் இருபது டாலர் கட்டும் நாள்.
சட்டைப் பையில் வைத்திருக்கிறார், மடித்து.
வாங்குவதற்கு
ஜன்னலில் ஆள் இல்லை.