உல்டிஸைக் கேள்

காற்று பிறக்கும் ஊர் என்று
லியெபாயாவுக்கு ஒரு பட்டப்பெயர்.
அந்த ஊரில் இருந்துகொண்டு
பதினெட்டு யூரோ கொடுத்து
நான் காற்று வாங்கினேன்.

வாங்கப் போனது ஸ்விட்ச்.
இருபத்துநான்கு துளை, இரும்பு உடம்பு,
ஓரத்தில் ஒரு நசுங்கல்.
குன்வால்டிஸின் கராஜில், பனிக்கால டயர்களுக்கும்
உப்பேறிய வலைகளுக்கும் நடுவே கிடந்தது.
"ஓடுமா?" என்றேன்.
"விளக்கு எரியும்" என்றான்.
அது பதிலில்லை என்று உறைத்தபோது
டிராம் பாலத்தைத் தாண்டியிருந்தது.
மடியில் நான்கு கிலோ குளிர்.

என் ஆய்வுக்கூடம் என்பது
துணி அலமாரியின் அடித்தட்டு.
பள்ளிக்கூடம் கழித்த இரண்டு கணினி,
மேலே தொங்கும் கோட்டுகளின் ஈரவாடை.
பகலில் மீன் கிடங்கின் குளிர்நிலை குறிக்கிறேன்,
இரவில்
யாரும் கேட்காத கேள்விக்குக் கேபிள் இழுக்கிறேன்.

சொருகியதும்
எழுந்தது ஓர் ஊளை.
கடல் பக்க ஜன்னல் பிய்த்துக்கொண்டதோ என்று
வில்னிஸ் கால்சட்டையில்லாமல் ஓடி வந்தான்.
சுவருக்கு அப்பால் ரைட்டிஸ்,
இரவு வேலை முடித்துப் பகலில் தூங்கும் வெல்டர்,
இரண்டு தட்டு தட்டினான்.
மூன்றாவது தட்டு ஒரு மனிதனின் பொறுமை எங்கே முடிகிறது
என்பதைச் சொன்னது.

தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன்.
முப்பத்தெட்டு வாட்,
நாள் முழுக்க, ஆண்டு முழுக்க:
வாங்கிய விலையைப்போல் மூன்று பங்குக்கு மேல்
வருடா வருடம் தின்னும்.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.
என்னிடம் இருப்பதோ ஆறு கேபிள்.

விசிறியில்லாத எட்டுத் துளை ஒன்று
ரீகாவிலிருந்து வரும், இருபத்தாறு யூரோ.
அதைவிட ஆறு யூரோ மலிவாகவும் ஒன்று உண்டு,
அதற்குப் பிரித்துவைக்கத் தெரியாது.
வாசல் கேமராவையும் என் கோப்புகளையும்
ஒரே பாயில் படுக்கவைக்கும்.
அந்த ஆறு யூரோவை
மூன்று இரவு யோசித்தேன்,
சிரிக்காதீர்கள்.

பழையதைத் திருப்புமுன் துடைத்துவிடலாமென்று
கன்சோல் கம்பி போட்டேன்.
கடவுச்சொல் அடிப்பக்கமே ஒட்டியிருந்தது.
உள்ளே போனால்
யாரும் வீட்டைக் காலி செய்யவே இல்லை.

துளை 3: அவுஸ்மா, ஜன்னல் ஓரம்.
துளை 7: கணக்கு, புது மேசை.
துளை 8: இயக்குநர். தொடாதே!!
துளை 12: பிரிண்டர், பாவம்.
துளை 19: தெரியவில்லை. உல்டிஸைக் கேள்.

எந்த அலுவலகம், எப்போது மூடியது,
எதுவும் எழுதியில்லை.
ஆனால் ஒருவர் மேசைக்கடியில் தவழ்ந்து
பிரிண்டருக்காக இரக்கப்பட்டு
அந்த ஒரு சொல்லையும் தட்டச்சு செய்திருக்கிறார்.
உல்டிஸ் வந்தானா?
அவுஸ்மாவுக்கு இப்போது எந்த ஜன்னல்?
விசிறி ஊளையிட்டுக்கொண்டே இருந்தது.
நிச்சயமா என்று கேட்டது திரை.
ஆம் என்பதற்கு ஓர் எழுத்துப் போதும்.
அதை அழுத்துமுன் பாத்திரம் கழுவிவிட்டு வந்தேன்.

குன்வால்டிஸ் பத்து யூரோதான் தந்தான்.
"உல்டிஸ் என்று யாரையாவது தெரியுமா?"
"ஏழு பேரை" என்றான்.

புதியது உள்ளங்கை அகலம்.
மூச்சே இல்லை.
செத்துப் பிறந்ததோ என்று மூன்று முறை
அலமாரியைத் திறந்து பார்த்தேன்,
கோட்டுகளுக்கடியில் ஒரு பச்சைப் புள்ளி.
பழக்கத்தில் ரைட்டிஸ்
சுவரை ஒரு முறை தட்டிப் பார்த்தான்,
பிறகு அவனே அடங்கிவிட்டான்.

ஒவ்வொன்றாய்ப் பெயரிட்டேன்.
ஒன்று, வாசல். இரண்டு, கோப்பு.
ஐந்து, வில்னிஸ், தொடாதே.
எட்டுக்கு வந்ததும் கை நின்றது,
பிறகு எழுதினேன்:
தெரியவில்லை. தாக்னியாவைக் கேள்.

அதில் இன்னும்
கம்பி ஏதும் போடவில்லை.