அடியில் தங்குவது

சூரையின் கண்ணுக்குப் பின்னால்
ஒரு குழி நிறையக் கொழுப்பு.
ஜான் நோயல் கரண்டியால் வழித்துத் தருகிறான்,
இளநீர் வழுக்கை எடுப்பதுபோல.
போர்ட் லூயி துறைமுகத்திலிருந்து எங்களுக்கு
வருவதெல்லாம் தலைதான்;
உடல்கள் டப்பாவில் ஏறி
ஐரோப்பா போய்விடும்.

பத்து கிராம் போதும்.
தராசு பத்து புள்ளி பூஜ்யம் நான்கு என்கிறது.
அந்த நான்கையும் எழுதிக்கொள்கிறேன்.

குளோரோஃபார்ம் இரண்டு பங்கு, மெத்தனால் ஒன்று.
அரை, வடி, உப்புநீர் விடு, காத்திரு.
கொழுப்பு மேலே மிதக்கும் என்பது
குழம்பு வைப்பவர்கள் கண்ட உண்மை.
இங்கே குளோரோஃபார்ம் தண்ணீரைவிடக் கனம்;
கொழுப்பை மடியில் கட்டிக்கொண்டு
அடியில் போய் உட்கார்ந்துவிடும்.
வேலைக்கு வந்த முதல் வாரம்
அந்த அடியைத்தான் கொட்டினேன்.

அத்தியாவசியம் என்றால்
உடம்புக்குத் தானாகச் செய்யத் தெரியாதது.
சூரைக்கும் தெரியாது.
சாளையிடம் வாங்கியது,
சாளை கூனியிடம், கூனி பாசியிடம்.
பாசி வெயிலுக்கு மட்டுமே கடன்.

ஆறு இரட்டைப் பிணைப்பு.
ஆறு வாசலும் திறந்து கிடக்கும் வீடு;
காற்று நுழைந்தால் கெட்டது.
அதனால் குடுவை வாயில்
நைட்ரஜன் மெல்ல ஊதிக்கொண்டிருக்கிறது.
ஆறு என்றதும் எனக்கு யார் நினைவு வந்தார் என்று
சொல்ல வேண்டியதில்லை.
காவடிக்கு இன்னும் நான்கு நாள்.
பருப்பும் கீரையுமாக இருக்கிறேன்,
கையுறைக்குள்ளே சுத்தமாக.

அடுத்த மேஜையில் ஆலையெண்ணெய்,
கரைப்பான் தொடாதது, இருநூறு லிட்டரின் மாதிரி.
பெராக்சைடு ஒன்று புள்ளி எட்டு. தேறிவிட்டது.
"நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்," என்றாள் மதாம் பெரின்.
விரதம் என்றேன்.
ஜான் நோயல் நாக்கை நீட்டினான்,
கண்ணை மூடினான்.
"புதுச் சுவர். பெயின்ட் இன்னும் காயவில்லை."

மதாம் சிரிக்கவில்லை.
அனிசிடின் பார்க்கச் சொன்னாள்.
முப்பத்தொன்று.
முதல் எண் பொய் சொல்லவில்லை;
எண்ணெய் கெட்டு முடித்து
அந்த வாசலைத் தாண்டிப் போயிருந்தது.
நாங்கள் பாதிதான் கேட்டிருந்தோம்.

மாலை கோயில் வரிசையில்
முன்னால் நின்ற பெண் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.
மூன்று தடவை சோப்புப் போட்டிருந்தேன்.
திருநீற்றுக்கு வலது கையை நீட்டினேன்.
நல்லவேளை,
குடுவை பிடிப்பது இடது கை.